படிக்காத புத்தகங்கள் 180, கிடைப்பது அரை மணி நேரம்

வேம்படி:

சரஸ்வதி பூஜைக்கு அலமாரியை இறக்கித் துடைக்கும்போது எண்ணியாயிற்று. ஒரு பக்கம்கூடப் படிக்காதவை 180. நாவல் 70, சிறுகதைத் தொகுப்பு 40, வரலாறும் கட்டுரையும் 45, கவிதையும் சங்க இலக்கிய உரையுமாக 25. நாளொன்றுக்குக் கிடைப்பது அரை மணி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி வந்துவிடும். அதற்குள் இந்த நிலுவையை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்கிற வகைப் பதில்கள் வேண்டாம். எதை எடுப்பது, எவ்வளவு படிப்பது, எதை விடுவது என்று கணக்கோடு சொல்லுங்கள்.

பனையோலை:

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். முதலில் உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள். மூன்று இரவு, தலா 20 நிமிடம். ஒருநாள் நாவல், ஒருநாள் கட்டுரை, ஒருநாள் உரைநூல். வழக்கமாகப் படிக்கிற மாதிரியே படிக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து ஓடக் கூடாது. எத்தனை பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மூன்று எண் வரும். உரைநூலின் எண் நாவலில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, அதில் தப்பே இல்லை.

20 நிமிடத்தில் 12 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு 18 பக்கம். ஒரு புத்தகம் சராசரி 250 பக்கம் என்றால் உங்கள் 180 புத்தகம் 45,000 பக்கம். ஒருநாள் விடாமல் படித்தாலும் 2,500 நாள், ஏறக்குறைய ஏழு ஆண்டு. வாரத்தில் ஐந்து நாள்தான் முடியும் என்றால் ஒன்பதரை ஆண்டு.

இனிதான் முக்கியமான கணக்கு. ஒருநாள்கூட விடாத ஓர் ஆண்டில் நீங்கள் படிக்கக்கூடியது 6,570 பக்கம். புத்தகக் காட்சியில் ஆண்டுக்கு 30 புத்தகம் வாங்கினால் உள்ளே வருவது 7,500 பக்கம். வரவு செலவை மிஞ்சுகிறது. நீங்கள் இன்னும் பத்து நிமிடம் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த அடுக்கு குறைந்த மாதிரியே தெரியாது. அதனால் நேரத்தைத் தேடுவதற்கு முன் அடுக்கைப் பிரியுங்கள்.

நூலடுக்கு:

பனையோலை சொன்னதற்கு மேல், பிரிக்கிற முறையைச் சொல்கிறேன். நூலகங்களில் தேவையற்றதைக் கழிக்கும்போது செய்வதும் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போதும், புத்தகத்துக்கு ஒரு நிமிடம். எல்லாவற்றையும் தரையில் விரித்துவிடுங்கள். பின்னட்டை, உள்ளடக்கம், நடுவில் ஏதாவது ஒரு பக்கம். இந்த மூன்றைப் பார்த்ததும் நான்கில் ஓர் அடுக்குக்குப் போக வேண்டும்: மேசைக்கு, இந்த ஆண்டுக்கு, பிறகு, போகட்டும். தயங்கினால் 'பிறகு'. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டால் அன்றைய வேலை கெட்டுப்போகும், இதில் ரொம்பப் பேர் சறுக்குவது அங்கேதான்.

இந்த நான்குக்கும் முன்னால், எண்ணிக்கையிலேயே சேரக் கூடாதவற்றை எடுத்துவிடுங்கள். அகராதி, சங்க இலக்கிய உரைத் தொகுதி, கல்வெட்டுத் தொகுப்பு, ஒருவருடைய ஆயிரம் பக்க முழுத் தொகுப்பு, இவையெல்லாம் முதலிலிருந்து முடிவுவரை படிப்பதற்கு அச்சிட்டவை அல்ல. தேவைப்படும்போது திறப்பதற்கு உள்ளவை. அவற்றைத் 'திறக்கும் நூல்' என்று தனித் தட்டில் வையுங்கள். குறுந்தொகையில் பத்துப் பாட்டைப் படித்துவிட்டு மூடிவைப்பது அரைகுறைப் படிப்பு அல்ல.

மேசையில் மூன்றே மூன்று. கனமானது ஒன்று, இலகுவானது ஒன்று, வெளியே எடுத்துப் போகச் சின்னது ஒன்று. மற்றவை கண்ணில் படாமல் அலமாரிக்குள் போகட்டும். நம் அரை மணியில் எவ்வளவு தேர்ந்தெடுப்பதிலேயே கரைகிறது என்று கவனித்துப் பாருங்கள். 180 முதுகுகளை மேய்ந்துவிட்டு எதையும் எடுக்காமல் கைப்பேசிக்குப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நூலகத்துக்குச் சொன்னது வீட்டு அலமாரிக்கும் பொருந்தும்.

இன்னொன்று, படுக்கவைத்து அடுக்காதீர்கள். அடியில் இருக்கிற புத்தகத்தை யாரும் உருவ மாட்டார்கள். நிமிர்த்தி வையுங்கள்.

அடுப்படி_வாசகி:

எல்லோரும் 'அரை மணி' என்று ஒரே துண்டாகப் பேசுகிறீர்கள். வீட்டில் சமைக்கிறவர்களுக்கு, சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நேரம் பத்துப் பத்து நிமிடமாகத்தான் கிடைக்கும். இட்லி வேகிற 10–12 நிமிடம், குக்கர் சத்தம் அடங்கும் வரை, பள்ளி வாசலில் மணி அடிக்கும் வரை. நாலு துண்டு சேர்ந்தால் 40 நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தைப் பிடிக்கவே ஒன்றிரண்டு நிமிடம் போகிறது. பெரிய நாவலை இந்தத் துண்டுகளில் படித்தால் பாதி நேரம் யார் யார் என்று நினைவுபடுத்துவதிலேயே தீரும்.

ஆகவே துண்டுக்குத் தகுந்த நூல். பத்து நிமிடத்துக்குக் கவிதை, கடிதங்கள், நான்கைந்து பக்கக் கட்டுரை, குறுங்கதை. 20 நிமிடத்துக்கு ஒரு சிறுகதை. நாவலை வாரத்தில் ஒரே ஒரு நீளமான மதியத்துக்கு வைத்துவிடலாம்.

சமையலறையில் வைக்கிற புத்தகத்துக்குப் பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் பிறகு எடுக்கவே முடியாது. அடுப்பிலிருந்து நாலடி தள்ளி, கண் உயரத்தில் ஒரு தட்டு. மாவுக் கையோடு பக்கம் திருப்பாமல் இருக்க வியாசபீடம் மாதிரி ஒரு தாங்கி, மேலே இரண்டு துணி கிளிப். ஒவ்வொரு பக்கத்துக்கும் கிளிப்பை எடுத்துப் போட வேண்டியிருக்கும், அதனால் கவிதைக்குத்தான் அது சரிப்படும்.

தாம்பரம்_கடற்கரை:

பயண நேரத்தை விட்டுவிட்டீர்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்ரயிலில் முக்கால் மணிக்கு மேல் ஆகிறது. உட்கார இடம் கிடைத்தால் போகவர இரண்டு சிறுகதையாவது முடியும். ஆரம்ப நிலையத்தில் ஏறுகிறவர்கள் ஒரு வண்டியை விட்டு அடுத்ததற்கு முதலில் நின்றால் இடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பும் படிப்புக்கே ஆகும்.

பேருந்தில் இது நடக்காது. கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, உள்காது திருப்பத்தையும் குலுக்கலையும் உணர்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டுகிறது. பேருந்துக்காரர்கள் ஒலிநூலுக்குப் போவது நல்லது.

பைக்குள் வைக்கிற புத்தகம் 200 பக்கத்துக்குள், கிரவுன் அளவு, அதாவது கைக்கு அடங்குகிற சின்ன அளவு. ரயிலில் நின்றுகொண்டு ஒரு கையில் பிடிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பிடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே ஈரம் தங்கும்.

வேம்படி:

பயனுள்ள பதில்கள், நன்றி. வேகம் அளந்ததில் 20 நிமிடத்துக்கு நாவல் 14, கட்டுரை 9, உரைநூல் 4. இரண்டு சந்தேகம். நாவல்கள் 80ஆம் பக்கத்துக்கு அருகில் நின்றுபோகின்றன, அது ஏன்? எத்தனை பக்கத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தை விட்டுவிடலாம்?

பனையோலை:

80ஆம் பக்கம் என்பது உங்கள் வேகத்தில் நான்காம் நாள். நடுவில் ஒரு வார இடைவெளி விழுந்தால் பெயர்கள் கலைந்துவிடும். பெரிய குடும்ப நாவலில் அந்தக் கட்டத்துக்குள் 15, 20 பேர் வந்துவிடுவார்கள். புத்தகம் பிடிக்காமல் விடுவதைவிட ஆள் தெரியாமல் விடுவதுதான் அதிகம்.

மருந்து ஓர் அரைத்தாள். அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயர் முதலில் வரும்போது பெயர், உறவு, பக்க எண் எழுதுங்கள்: 'வள்ளி, மூத்தவர் மருமகள், 23'. படித்து முடிக்கிற ஒவ்வொரு நாளும் அதன் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி, இப்போது கதை எங்கே நிற்கிறது என்று. பத்து நாள் கழித்துத் திறந்தாலும் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். இன்னொரு பழக்கம், அத்தியாய முடிவில் நிறுத்தாதீர்கள். அடுத்த அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் போய் நிறுத்துங்கள். மறுநாள் கதவு திறந்தே இருக்கும்.

விடுவதற்கு, சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 50 வயது வரை 50 பக்கம் பார். அதற்கு மேல் 100இலிருந்து வயதைக் கழித்து, வருகிற எண்ணிக்கை போதும். 62 வயதுக்காரர் 38 பக்கத்தில் மூடிவிடலாம்.

நூலடுக்கு:

அந்தக் கணக்கை வட்டார வழக்கு நாவலுக்குப் போடாதீர்கள், பனையோலை. கரிசலோ நாஞ்சிலோ கொங்கோ, பழகாத காதுக்கு முதல் 50 பக்கம் மொழியைப் பிடிக்கவே ஆகிவிடும். அங்கே மூடினால் புத்தகத்துக்குச் செய்கிற அநியாயம். அதற்கு 80, 90 பக்கம் கொடுங்கள். முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு முரடாகத் தெரிகிற உரையாடல் காதில் விழுந்ததும் விளங்கிவிடும், ஏனென்றால் எழுதியதே பேச்சைக் கேட்டுத்தான். சில நூல்களின் கடைசியில் வட்டாரச் சொற்பட்டியல் இருக்கும். முதலிலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.

கட்டுரை, வரலாறு வேறு வகை. முன்னுரை, உள்ளடக்கம், கடைசி இயல், பொருளடைவு. இந்த நான்குக்கும் 45 நிமிடம் கொடுத்தால் முழுதாகப் படிக்க வேண்டியதா, மூன்று இயல் போதுமா என்று தெரிந்துவிடும். இதை நுனிப்புல் மேய்வது என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.

பனையோலை:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. வட்டார நாவலுக்கு அந்த விதி பொருந்தாது.

வெண்கோடு:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 40 வயதைத் தாண்டியவர்கள் 'முன்பு மாதிரி படிக்க முடியவில்லை, மனம் ஒட்டவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது கண். வெள்ளெழுத்து மெதுவாக வருவதால் தெரிவதில்லை. அறிகுறிகள்: புத்தகத்தைக் கை நீட்டிப் பிடிப்பது, பத்து நிமிடத்தில் தூக்கம் அல்லது நெற்றி வலி, பகலில் சரியாகவும் இரவில் மங்கலாகவும் தெரிவது. கவனம் குறைந்துவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் படிப்பை விட்டவர்களுக்கு ஒரு கண்ணாடி போதுமானதாக இருந்திருக்கும். கடையில் தொங்கும் +1.50 ரெடிமேடை வாங்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தாலோ சிலிண்டர் பவர் (பார்வைச் சிதறலுக்கானது) இருந்தாலோ ரெடிமேட் உதவாது.

விளக்கு: கூரையில் ஒரு டியூப் லைட் மட்டும் இருந்து, அது உங்களுக்குப் பின்னால் இருந்தால் தலை நிழல் பக்கத்தின் மேல் விழும். தோளுக்குப் பின்புறம், ஒரு மீட்டருக்குள், 9 வாட் எல்இடி ஒன்று. இரவுக்கு மஞ்சள் ஒளி, பெட்டியில் 2700 அல்லது 3000 கே என்று போட்டிருக்கும்.

எடையையும் பாருங்கள். டெம்மி அளவில், அதாவது வழக்கமான நாவல் அளவில், 1,000 பக்கம் என்றால் 500 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் அதுவே ஒரு கிலோவுக்கு மேல், கெட்டி அட்டையோடு 1.2, 1.3 கிலோ. படுத்துக்கொண்டு அதைப் பிடித்தால் கதை அலுப்பதற்குள் மணிக்கட்டு அலுத்துவிடும். கனமான நூல் மேசைக்கு. கட்டிலுக்கு மெல்லிய நூல். சாப்பிட்டவுடன் படுத்துப் படிக்கிற அரை மணியில் கடைசிப் பதினைந்து நிமிடம் தூக்கத்துக்குத்தான் போகும். நாற்காலியில் உட்காருங்கள்.

மூன்றாம்_பதிப்பு:

இரண்டு படித்தால் ஒன்று வாங்கு என்று சிலர் கட்டுப்பாடு வைப்பார்கள். நல்ல விதிதான், ஆனால் தமிழ்ப் புத்தகத்துக்கு ஒரு திருத்தம் தேவை. முன்பு ஒரு பதிப்பு 1,000 அல்லது 1,200 படி அச்சிடுவது வழக்கம். இப்போது பல நூல்கள் சில நூறோடு நிற்கின்றன. தீர்ந்தால் மறுபதிப்பு வருமா என்பது பதிப்பாளரின் கைக்காசைப் பொறுத்தது. வட்டார வரலாறு, மொழிபெயர்ப்பு, ஆய்வேடு, முதல் கவிதைத் தொகுப்பு ஆகியவை கண்ணில் பட்டபோதே வாங்கவேண்டியவை. எப்போதும் அச்சில் இருக்கிற செவ்வியல் நாவலை இன்று வாங்கி ஐந்தாண்டு அடுக்கில் வைக்க ஒரு காரணமும் இல்லை. அதைப் படிக்கப்போகிற மாதத்தில் வாங்குங்கள். காட்சியில் தருகிற 10 சதவீதக் கழிவுக்காக அவசரப்பட வேண்டாம்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை விரல் ஓட்டிப் பாருங்கள். கட்டும்போது ஒரு பாரம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கங்களின் கட்டு) விடுபடும், அல்லது ஒரே பாரம் இரண்டு முறை சேரும். டெம்மியில் ஒரு பாரம் பெரும்பாலும் 16 பக்கம். 176க்குப் பிறகு 193 வந்தால் அந்தப் பாரம் இல்லை. உடனே காட்டினால் மாற்றித் தருவார்கள். மூன்றாண்டு கழித்துப் படிக்கும்போது கண்டுபிடித்தால் அந்தப் பதிப்பே கடையில் இருக்காது. வேம்படி, உங்கள் 180ஐயும் அடுக்குப் பிரிக்கிற அன்றே இப்படிப் பார்த்துவிடுங்கள்.

அடுப்படி_வாசகி:

1977இல் தொடங்கிய காட்சி, ஒவ்வொரு ஜனவரியும் வரத்தான் போகிறது. அரிய நூலை வாங்கத்தான் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சலுகையை நாம் எல்லாப் புத்தகத்துக்கும் நீட்டிவிடுகிறோமே. ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இப்போது வாங்காவிட்டால் கிடைக்காது' என்று கையால் எழுத முடிகிறதா பாருங்கள். எழுதக் கை வராததை அடித்துவிடலாம்.

கொக்குவில்:

'போகட்டும்' அடுக்கில் கை வைக்க முதல் இணையத்தில ஒருக்கா தேடிப் பாருங்கோ. நாட்டுடைமையான ஆக்கங்களில் கன நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கு. பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கின மதுரைத் திட்டம். ஈழத்து நூல், இதழ் எண்டால் 2005இல் தொடங்கின நூலகம் தளம். அங்க நல்ல படி இருந்தால், உங்களிட்டை இருக்கிற கிழிஞ்ச மலிவுப் பதிப்பைத் தயங்காமல் விடலாம். மற்றப் பக்கமாயும் பாருங்கோ: அங்க இல்லாத சின்ன ஊர் மலர், சங்க வெளியீடு, பாடசாலை ஆண்டு மலர் உங்களிட்டை இருந்தால் அதைப் பழைய பேப்பர்காரரிட்டைக் குடுக்க வேண்டாம். வாசிக்காட்டிலும் அது காக்க வேண்டியது.

நூலடுக்கு:

கொக்குவில் சொன்னது மிகச் சரி. மற்றதைக் கொடுப்பதற்கு: கிளை நூலகத்துக்குக் கொண்டுபோகும் முன் பட்டியலோடு போய்க் கேளுங்கள். பழைய பாடநூல், கணினிக் கையேடு, பூஞ்சை பிடித்தது, ஏற்கெனவே ஐந்து படி உள்ள நாவல் எல்லாம் அவர்களுக்குச் சுமை. 20க்கு மேல் ஒரே நாளில் வேண்டாம்.

மழை தொடங்கப்போகிறது. படிக்காத புத்தகத்துக்குப் படித்ததைவிட ஆபத்து அதிகம், திறக்கப்படுவதே இல்லையே. அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை வரும். ராமபாணப் பூச்சி மாவுப் பசையையும் தாளின் மேல்பூச்சையும் அரிக்கும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடுங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரம். பரணில் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டது எல்லாவற்றையும் இறக்குங்கள். வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வைக்கலாம். தூங்குகிற அறையில் பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி ஆளுக்கு ஆகாது.

பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், ஈரமில்லாத புத்தகத்தை ஜிப் பையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற ஃப்ரீசரில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. ஒருநாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் பூத்துவிடும்.

வேம்படி:

பிரித்தாயிற்று. திறக்கும் நூல் 22, போகட்டும் 31, பிறகு 97, இந்த ஆண்டு 27, மேசையில் 3. பாரம் விடுபட்டது இரண்டு. விஜயதசமி காலை தொடங்குவதாகத் திட்டம். வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு 30 புத்தகம்.

பனையோலை:

30 அதிகம். நீங்கள் அளந்தபடி அரை மணிக்கு நாவல் 21 பக்கம், கட்டுரை 13. கலந்து படித்தால் சராசரி 18 வைப்போம். 260 நாளுக்கு 4,680 பக்கம். 250 பக்கப் புத்தகமாக எடுத்தால் 18தான் முடியும். மீதி 12 அடுத்த ஐப்பசியில் உங்களை உறுத்திக்கொண்டு நிற்கும். ஒன்று 18 ஆகக் குறையுங்கள், அல்லது அந்த 30ஐ மாற்றுங்கள். தமிழில் நல்ல நாவல்களில் எத்தனையோ 160 பக்கத்துக்குள் முடிகின்றன. சராசரி 150 பக்கத்தில் 30 புத்தகம் என்றால் 4,500, கணக்குக்குள் வந்துவிடும். தடித்தது ஆண்டுக்கு ஒன்றே ஒன்று, கோடை விடுமுறைக்கு.

வேம்படி:

'பிறகு' அடுக்கையும் சேர்த்துப் பார்த்ததில் 160க்குள் உள்ளவை 41. அதிலிருந்து மாற்றிக்கொள்கிறேன். முதலில் எடுத்தது 112 பக்கக் குறுநாவல், பசை போட்டு ஒட்டியது, எட்டாண்டு திறக்காதது. லேசாக விரித்ததுமே முதுகில் 'நறுக்' என்று சத்தம்.

மூன்றாம்_பதிப்பு:

இன்னும் விரிக்காதீர்கள். பசை காய்ந்திருக்கிறது. முதுகை மேசையில் நிறுத்தி, முன்பக்கம் ஐந்தாறு தாள் படியவிட்டு விரலால் மெதுவாக நீவுங்கள், பிறகு பின்பக்கம் ஐந்தாறு. இப்படி மாறி மாறி நடுவுக்கு வந்து சேருங்கள். அதன் பிறகும் 90 டிகிரிக்கு மேல் விரிக்காமல் படியுங்கள். தாள் கழன்றால் செலோடேப் ஒட்ட வேண்டாம், சில ஆண்டில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். கழன்ற தாளின் ஓரத்தில் பிவிஏ என்கிற வெள்ளைப் பசையை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லிசாகத் தடவி உள்ளே செருகி, மேலே இரண்டு தடித்த புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். 'பிறகு' அடுக்கில் அதற்குத் தேவையான எடை இருக்கும்.